அன்புக்கரசி என்றது கணினி

சூடாமணிக்குப் பொய் சொல்ல வராது. அவள் எழுதிய புரோகிராமுக்கும் வராது என்று நம்பியிருந்தாள், பாவம். மயிலாப்பூரில் பிறந்து, கணக்கில் பட்டம் வாங்கி, அடையாறில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள். தொண்ணூற்றெட்டில் பைதான் என்றால் பக்கத்து மேஜைக்காரரே கிண்டி பாம்புப் பண்ணையைப் பற்றித்தான் பேச்செடுப்பார். அந்த மொழியில்தான், பேச்சைக் கேட்டு எழுத்தாக்கவும், பேசியது யார் என்று சொல்லவும் ஒரு புரோகிராம் எழுதினாள். எழுத்தாக்கும் பாதி தலைகீழாக நின்றும் சரிவரவில்லை. ஆளைச் சொல்லும் பாதி கச்சிதமாக ஓடியது, அதாவது அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள்.

தி. நகரில் டிராவல்ஸ் நடத்திய ரகுபதிதான் முதல் வாடிக்கையாளர். அவர் ஆபீஸ் போனிலிருந்து யாரோ ஒரு பெண் போட்டிக் கம்பெனிக்கு விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். டேப்பில் பிடித்துவிட்டார். ஆனால் அடக்கிப் பேசிய குரல், ஒரே இரைச்சல், யாரென்று தெரியவில்லை. அங்கே வேலை செய்த பெண்களை ஒவ்வொருவராகப் போனில் பேசவைத்து சூடாமணி மாதிரிக் குரல் எடுத்தாள். சோதனைக்காகத் தன் குரலையும் சேர்த்துக்கொண்டாள். பிறகு அந்த டேப்பைக் கொடுத்தாள். அன்புக்கரசி என்றது கணினி.

அன்புக்கரசி அடையாற்றங்கரைக் குடிசைப்பகுதியிலிருந்து வந்து அங்கே டிக்கெட் பதிவு செய்பவள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. ரகுபதி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. மனுஷன் பொய் சொல்லலாம், மெஷின் சொல்லுமா என்று கேட்டு, அன்றைக்கே அவளை வெளியே அனுப்பிவிட்டார். அவள் அழவில்லை. சூடாமணியிடம் வந்து நின்றாள்.

"இன்னாக்கா, நான் பேசாதத பேசுனேன்னு உன் மிசினு சொல்லுது. அத்த நீ உன் காதால கேட்டியா?"

கேட்டிருந்தாள். இரைச்சலைத்தான் கேட்டிருந்தாள்.

அதற்குப்பின் சூடாமணிக்குச் சோறு இறங்கவில்லை. புரோகிராமை வரிவரியாகத் துருவினாள். ஒரு பிழையும் கிடைக்கவில்லை. கடைசியில் ரகுபதியின் ஆபீசுக்கே போய், அதே போனில் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். "ஆத்துக்கு வர நாழியாகும்மா. ரசம் மட்டும் வெச்சுடு, போதும்." பதிவான அந்தப் பேச்சை எடுத்துவந்து புரோகிராமிடம் கொடுத்தாள்.

அன்புக்கரசி என்றது கணினி.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுபடி கொடுத்தாள். மறுபடியும் அன்புக்கரசி. மயிலாப்பூரில் ரசம் வைக்கச் சொன்னது அன்புக்கரசியாம். மாதிரிக் குரல்களைப் போட்டுக் கேட்டாள்.

"வணக்கம். என் பெயர் ஆரோக்கியமேரி. நான் இந்நிறுவனத்தில் பணிபுரிகிறேன்."

அடுத்தவளும் வணக்கம், அதற்கடுத்தவளும் வணக்கம். எல்லாம் செய்தி வாசிக்கிற விறைத்த குரல். பதிவு செய்கிறார்கள் என்றதும் நம் ஜனங்களுக்கு எங்கிருந்துதான் அந்தச் செந்தமிழ் வந்து தொற்றிக்கொள்ளுமோ, கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்த சித்தப்பாவுக்கும் அதே வியாதிதான். சூடாமணியின் குரலும் வணக்கம் என்றுதான் ஆரம்பித்தது. யாரோ முன்பின் தெரியாதவள் பேசுவது போலிருந்தது. கடைசியில் அன்புக்கரசி: "இன்னா பேசறது? பஸ்ஸு லேட்டு, இப்பதான் வந்து குந்துனேன். இது போதுமா?"

இயல்பாகப் பேசியவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே, இயல்பாக எந்தப் பெண் பேசினாலும் கணினிக்கு அவளாகப் பட்டது. வேஷம் போடாதவள் தலையில் பழியைக் கட்டியாகிவிட்டது.

ரகுபதியிடம் ஓடிப்போய் ரசக் கதையைப் போட்டுக் காட்டினாள். அப்ப போட்டிக் கம்பெனிக்காரன்கிட்டப் பேசினது யாரும்மா என்று அவர் கேட்டார். எனக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது என்றாள். அவர் முனகிக்கொண்டே அன்புக்கரசியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்.

எல்லாருக்கும் புதிதாகக் குரல் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் பேசுவது போலப் பேசுங்கள் என்று சூடாமணி கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். மற்றவர்கள் சிரித்தபடி புடவை, மீன்குழம்பு என்று பேசிவிட்டுப் போனார்கள். அன்புக்கரசியின் முறை வந்தது. ரிசீவரை எடுத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு முதுகை நிமிர்த்தினாள்.

"வணக்கம். என் பெயர் அன்புக்கரசி. நான் இந்நிறுவனத்தில் பணிபுரிகிறேன்."

ஒரு சொல் பிசகவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள் சூடாமணி. பிறகு அந்த வணக்கத்தையே அன்புக்கரசி என்று பெயர் போட்டுச் சேமித்தாள்.