கூரை பறந்த அன்று அப்பா சொன்ன ‘வேண்டாம்’

எங்கள் வீட்டில் யார் எதைத் தந்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் கேட்டாலும் வேண்டாம். அதற்கு மேலும் வற்புறுத்தினால், "சரி, கொஞ்சமாத் தாங்கோ" என்று வாங்கிக்கொள்ளலாம். ஜெர்மன்காரர் ஒரு தரம்தான் கேட்பார்கள் என்பது, பள்ளிக்கூடத்தில் சில பிறந்தநாள் கேக்குகளைப் பறிகொடுத்த பிறகு எனக்குப் புரிந்தது. அப்பாவுக்குப் புரிய ஒரு சுழற்காற்று வரவேண்டியிருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. டோர்ட்மண்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். மே மாதத்துப் பின்னேரம் ஒன்றில் வானம் கறுத்துப் பச்சை பிடித்தது. நிலவறைக்குள் ஓடினோம். தலைக்கு மேலே எல்லாம் உடையும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது யாருடையதோ டிரம்போலின் எங்கள் ஆப்பிள் மரத்தில் தொங்கியது. எங்கள் கூரையில் பாதி ஓடுகளைக் காணவில்லை. கட்டிலில் படுத்தபடியே வானம் பார்க்கலாம் என்று எனக்கு ஒரே புளுகமும் சந்தோசமும். அம்மா அழுதார். பொழுதுபட மழை கொட்டும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது.

தீயணைப்புத் தொண்டர்கள், உடைந்த கூரைகளை மூடிக்கட்டத் தறப்பாள்களோடு வீடு வீடாக வந்தார்கள். உதவி வேண்டுமா என்று அப்பாவைக் கேட்டார்கள். அப்பா சிரித்துக்கொண்டே, வேண்டாம், நாங்கள் சமாளிப்போம் என்றார். அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"அவையள் இனி வரமாட்டினம் அப்பா. ஓடிப்போய்க் கேளுங்கோ!"

"வருவினம்."

"இல்லையப்பா, வரமாட்டினம்!"

"போய்க் கேக்க ஏலாது. நீ உள்ள போ."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நனையப் போவது என் கட்டில்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். அவர் வீட்டுக் கூரை முழுவதுமே போயிருந்தது. தோட்டத்துக் கதிரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு புட்டும் முட்டைக்குழம்பும் செய்து கொண்டுபோனார். ஆசிரியை வேண்டாம் என்றார். அம்மாவா விடுகிற ஆள்! அவர் எத்தனை தரம் மறுத்தும் கேட்காமல் தட்டை மடியில் வைத்துவிட்டார். ஆசிரியை முதலில் முறைத்தார், பிறகு சாப்பிட்டார், பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

இரவைக்கு எங்களோடு தங்கச் சொல்லி அம்மா அவரைக் கையோடு கூட்டிவந்தார். வாசலில் நின்று எங்கள் கூரையைப் பார்த்தவர், உதவி வேண்டுமா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா வேண்டாம் என்றார். ஆசிரியை அவரைப் பார்த்தார், அம்மாவின் கையிலிருந்த வெறுந்தட்டைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை. தெருவில் இறங்கி, தொண்டர்களை வகுப்பறைக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். ஏணியோடு ஓடி வந்தார்கள். அவர்கள் தறப்பாளைக் கட்டி இறங்கவும் மழை தொடங்கவும் சரியாக இருந்தது. அப்பா ஒவ்வொருவர் கையையும் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார்.

அப்பாவுக்கு வறட்டு வீம்பு என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். அகதியாக வந்த முதல் வருடங்களில், படுக்கையிலிருந்து குளிர்ச்சப்பாத்து வரைக்கும் ஒவ்வொரு அலுவலக வாசலிலும் நின்று கேட்டு வாங்கியவர் அவர் என்பது எனக்கு அன்று தெரியாது. அந்த வீட்டை வாங்கிய அன்று, இனி இந்த நாட்டில் ஒருவரிடமும் போய்க் கேட்டு நிற்க மாட்டேன் என்று சொல்லி அம்மாவுக்கு முன்னால் அழுதாராம்.