பொம்பிளைக் கார்

என் காரில் ஏறுகிறவர்கள் செய்கிற முதல் வேலை கண்ணாடியை இறக்குவது. அதற்காக நான் யாரையும் கோபித்ததில்லை. நாயாற்றில் வள்ளம் கரை தட்டியதும் மீனை வாங்கி, ஐஸ் போட்டு, பாரமில்லாத ரெஜிபோம் பெட்டிகளில் அடுக்கி, வவுனியாச் சந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நான். பின் சீற்றை மடித்தால் பெட்டிகள் வசதியாக நிற்கும் என்றுதான் அந்த வெள்ளைக் காரை வாங்கினேன். ஐஸ் கரையும், கரைந்த தண்ணீர் எங்கேயாவது ஒழுகும், ஒழுகினால் மணக்கும். மீன்காரனின் கார் பின்னே மல்லிகைப்பூவா மணக்கும்?

மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில்தான் அந்த மணம் எனக்கு உறைத்தது. ஒருநாள் அவளை வாசலில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். அவளோடு படிக்கிற இரண்டு பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்குப் போவதை விட்டுவிட்டேன். வாசலுக்கு முந்தின சந்தியில் நின்ற பாலை மரத்தடியில் நிறுத்தி, "எனக்கு நேரம் போட்டுது, நடந்து போ பிள்ளை" என்பேன். அவளும் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். பிறகு ரியூசன் வந்தது, வேலைக்குப் போகிற இடம் வந்தது. எல்லா இடத்துக்கும் நான் ஒரு மரத்தடி பார்த்து வைத்திருந்தேன்.

அவளுக்குக் கண்டாவளையில் மாப்பிள்ளை சரிவந்தது. வயல் செய்கிற குடும்பம், நல்ல மனிதர்கள். கலியாணத்தன்று பொம்பிளையை மண்டபத்துக்குக் கூட்டிப்போக வவுனியாவில் ஒரு கறுப்புக் காரைப் பேசிவைத்தேன். மகளிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவேயில்லை.

"நான் எங்கட கார்லதான் போவன்."

"விசர்க்கதை கதையாதை."

"அப்ப நான் சைக்கிள்ல போறன்."

பிடிவாதம் என்னுடையது. யாரிடம் போய் நொந்துகொள்வது?

என் மனைவிதான் பதறிப்போனாள். "கண்டறியாத ஆசை! தாலிக்குப் பொன்னுருக்கின நாள் தொடக்கம் வீட்டில சைவம். மாப்பிளை வீட்டுப் பொம்பிளையள் ஆலாத்தித் தட்டோட வாசல்ல நிப்பினம். கார்க் கதவைத் திறக்க மீன் மணம் வந்துதெண்டால் என்ன செய்யிறது? பிள்ளை ஆயுசுக்கும் அந்தக் கதையைக் கேக்க வேணும்."

அவள் சொன்னது அவ்வளவும் சரி. அந்த மூக்கைப் பொத்திய இரண்டு பிள்ளைகளும் வளர்ந்து, பட்டுடுத்தி, மண்டப வாசலில் நிற்பதாகவே எனக்குத் தோன்றியது.

மீன் ஏற்றுவதை நிறுத்திவிட்டுக் காரைக் கழுவத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த கழுவல் என்ன? முற்றத்தில் நல்ல வெயிலில் நிறுத்தி, கிணற்றில் அள்ளி ஊற்றி, சவர்க்காரத் தூளைக் கரைத்து, தேங்காய்த் தும்பால் உரஞ்சினேன். சட்டி பானையெல்லாம் அப்படித்தானே வெளிக்கிறது! எங்கள் கிணறோ உவர்க் கிணறு. காய்ந்தபிறகு பார்த்தால் கார் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, தேமல் விழுந்த முதுகு மாதிரி. வெயில் பட்டபோது முன்பக்கப் பொனற்றில் வட்டம் வட்டமாகக் கீறல் மின்னியது.

உள்ளே மணக்கிறதற்கு மனைவி வைத்தியம் பார்த்தாள். காருக்குள் செங்கல்லை வைத்து அதன்மேல் சாம்பிராணிச் சட்டியை வைத்து, நாலு கதவையும் சாத்திவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். புகை கண்ணாடிக்குள் திரண்டு நின்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கார் பற்றுகிறது என்று வாளித் தண்ணீரோடு வேலி பாய்ந்து வந்தார். கதவைத் திறந்தோம். கோயிலுக்குள் சூடைக் கருவாடு காயப்போட்டது மாதிரி ஒரு மணம்! "ஐயோ கடவுளே" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் இரண்டு பேருக்கும் அழுகை வரப் பார்த்தது.

கடைசியில் முல்லைத்தீவு ரவுணில் வாகனங்களுக்குச் சீற் தைக்கிற என் கூட்டாளியிடம் கொண்டுபோனேன். அவன் முஸ்லிம் ஆள், என் வயதுக்காரன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில், பழைய கார்களைத் துடைத்து மினுக்கி விற்பனைக்கு விடுகிற ஓரிடத்தில் வேலை செய்தவன். ஊர் திரும்பி வந்த பிறகும் அந்தத் தொழில் கையை விட்டுப் போகவில்லை. பொனற்றைக் கையால் தடவிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"மச்சான், இதைக் கழுவினனியோ, இல்லாட்டி மீனெண்டு நினைச்சுச் செதில் எடுத்தனியோ?"

"பகிடி விடாமல் செய்து தாடாப்பா. பிள்ளையின்ர கலியாணம்."

"பிள்ளை உன்ர. கையும் உன்ரயாயிருக்கட்டும். நான் சொல்லுறன், நீ செய்."

தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், அறுவான். முதலில் நிழலுக்குள் விடச் சொன்னான். சவர்க்காரம் தொடமுன்னம் வெறும் தண்ணீரை அடித்துப் புழுதியை இறக்கச் சொன்னான். "மண்ணோட தேச்சியெண்டால் துணியில்லை, மண்தான் காரைத் தேய்க்கும்." இரண்டு வாளி வைத்தான். ஒன்றில் சவர்க்காரத் தண்ணி, மற்றதில் நல்ல தண்ணி. ஒரு இழுவை இழுத்ததும் துணியை நல்ல தண்ணியில் அலசிவிட்டுத்தான் மறுபடி சவர்க்காரத்தில் தோய்க்க வேண்டும். மேலிருந்து கீழே, நேராக, வட்டம் போடக்கூடாது. ரயருக்கு வேறு துணி. அவசரத்தில் ரயர்த் துணியால் கதவைத் தொட்டுவிட்டேன். "நில்லடா!" என்று கத்தினான் பாருங்கள், றோட்டில் போனவர்களும் நின்றுவிட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. துணியை எறிந்துவிட்டுப் படலைவரை போனேன். அவன் அசையவில்லை. "தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போய் அந்தக் கதவைத் திரும்பக் கழுவு" என்றான். கழுவினேன். ஈரம் காயமுன்னம் பழைய நூல் வேட்டியால் ஒற்றி எடுத்தேன். புள்ளி விழவில்லை.

மறுநாள் உள்பக்கம். நான் சீற்றில்தான் மணம் இருக்கிறதென்று நினைத்திருந்தேன். அவன் சீற்றுகளைக் கழற்றி இறக்கச் செய்து, தரைக் காப்பெற்றை உரித்துக் காட்டினான். அதற்கடியில் கிடந்த தடித்த பஞ்சு கறுத்து, ஊறி, செதில் செதிலாகக் கிடந்தது. நான் ஏற்றின அத்தனை மீனின் தண்ணியும் அதுதான் குடித்திருக்கிறது. பின் சீற் இருந்த இடத்தின் மூலையில், அழுக்கேறி, மகளின் பள்ளிக்கூட றிபன் ஒன்று. அதைக் கையில் எடுத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டாளி பார்த்தும் பாராதது மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பஞ்சை எறிந்துவிட்டுப் புதிது போட்டோம். அடித் தகரத்தை வினாகிரித் தண்ணியால் துடைத்து வெயிலில் காயவிட்டேன். சீற்றின் தையல் இடுக்கெல்லாம் என் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். அப்பச்சோடாவைத் தூவி ஊறவிட்டு மெசினால் உறிஞ்சி எடுத்தோம். சிரட்டைக் கரியைத் துணியில் முடிந்து சீற்றுகளுக்கடியில் வைத்தோம். பொனற்றுக் கீறல்களை ஒரு களிம்பு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மினுக்கச் சொன்னான். தோள்மூட்டுக் கழன்றுபோயிற்று. ஆனால் என் முகம் அதில் தெரிந்தது. இத்தனை வருசம் என்னோடு உழைத்த காரை அன்றைக்குத்தான் முதன்முதல் வடிவாகப் பார்த்தேன்.

கடைசியில் நடு மத்தியானம் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் விட்டோம். "வெயிலுக்குத்தான் உண்மை வெளிய வரும்" என்றான். கதவைத் திறந்து அவன் தலையை உள்ளே விட்டான். பிறகு நான் விட்டேன்.

"கொஞ்சம் இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"அது காருக்குள்ள இல்லை மச்சான், உன்ர மண்டைக்குள்ள."

கலியாணத்தன்று காரை நானே ஓடினேன். "தாரைவார்க்கிற தகப்பன் சாரதி வேலை பாக்கிறதோ" என்று மனைவி முணுமுணுத்தாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின் சீற்றில் பட்டும் பூவுமாக மகள், பக்கத்தில் தாய். தலை அலங்காரம் கலைந்துவிடும் என்று கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். நல்ல வெயில். மண்டபத்தை நெருங்க நெருங்க எனக்கு மணக்கத் தொடங்கியது. மெல்லிசாகத்தான். சீற் பெல்ற்றிலிருந்தோ, ஏசி ஓட்டையிலிருந்தோ, கூட்டாளி சொன்னதுபோல என் மண்டையிலிருந்தோ. தூரத்தில் வாசலில் நாதஸ்வரக்காரர் தெரிந்தார்கள். ஆலாத்தித் தட்டோடு பெண்கள் தெரிந்தார்கள். என் கால் தன்பாட்டில் பிறேக்கை மிதித்தது. வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் நின்றது. அதனடியில் போய் நிறுத்திவிட்டேன்.

"என்னப்பா நிப்பாட்டிறியள்? அங்க பாத்துக்கொண்டு நிக்கினம்" என்றாள் மனைவி.

"பொறும், கொஞ்சம் காத்து வரட்டும்" என்று நாலு கண்ணாடியையும் இறக்கினேன். வியர்த்துக் கொட்டியது.

பின்னாலிருந்து வளையல் சத்தம் கேட்டது. மகள் என் தோளில் கையை வைத்தாள்.

"அப்பா, மணந்தால் மணக்கட்டும். அந்தப் பாலை மரத்தடியில ஒவ்வொரு நாளும் இறங்கேக்க, நாளைக்கெண்டாலும் அப்பா வாசல் வரைக்கும் வருவாரெண்டு நினைச்சுக்கொண்டுதான் நடந்தனான். இண்டைக்காவது வாசல் மட்டும் கொண்டுபோய் விடுங்கோவன்."

மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நான் கியரைப் போட்டேன். கண்ணாடியை ஏற்றவில்லை. நாதஸ்வரக்காரர் விலகினார்கள். "ஐயா, காணும், நிப்பாட்டுங்கோ!" என்று ஆலாத்தித் தட்டோடு நின்ற பெண்கள் பின்னுக்குப் போனார்கள். முன் ரயர் வாசற்படியில் முட்டிய பிறகுதான் நிறுத்தினேன்.