வீட்டுக்குள் மட்டும் திறக்காத தளம்

அலுவலகத்தில் அவருக்குப் 'பொறுமை' என்று பட்டப்பெயர். இணைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்து யார் எப்படிக் கத்தினாலும், "கவலைப்படாதீங்க, நான் சொல்றபடி செய்ங்க" என்பார். வேலை வீட்டிலிருந்துதான். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ரவுட்டருக்குள் எப்படி நுழைவது, எதை எங்கே மாற்றுவது என்று பொழுதன்றைக்கும் ஓதிக்கொண்டிருப்பார். அதே மேசையின் மறுமுனையில் மனைவி காய் நறுக்குவாள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில், மகள் சேரத் துடித்த வெளியூர்க் கல்லூரியின் இணையதளம் மட்டும் ஒரு வாரமாகத் திறக்கவில்லை. வீட்டு வைஃபையை மட்டுமே நம்பியிருந்த மகள், கல்லூரிப் பக்கம்தான் ஏதோ கோளாறு என்று காத்திருந்தாள். விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள் என்றானதும் அழுதுகொண்டே அப்பாவிடம் வந்தாள். முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்தான். ஆனால் மனிதர் எப்போது ஃபோனை வைத்தார், சொல்வதற்கு?

வைஃபையை அணைத்துவிட்டுத் தன் கைப்பேசியின் டேட்டாவில் போட்டுப் பார்த்தார். தளம் சட்டென்று திறந்தது. அப்படியானால் கோளாறு வீட்டுக்குள்தான். ரவுட்டருக்குள் போய் டிஎன்எஸ் பக்கத்தைப் பார்த்தார். தளத்தின் பெயரைக் கேட்டால் அது இருக்கும் முகவரியைச் சொல்லும் இடம் அது. அங்கே கல்லூரியின் பெயருக்கு நேரே யாரோ வேண்டுமென்றே முகவரிக்குப் பதில் நான்கு பூஜ்யங்களைப் போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் விளையாட்டுத் தளங்களை முடக்கச் சொல்லிக் கேட்கும் பெற்றோருக்கு அவர் தினமும் சொல்லித்தரும் வழி.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எவனோ நம்ம ரவுட்டருக்குள்ள புகுந்திருக்கான்" என்றார்.

"யாரும் புகல. நான்தான் போட்டேன்" என்றாள் மனைவி, கத்தியைக் கீழே வைக்காமலே.

கைப்பேசியில் பச்சைப் பொத்தானைத் தவிர எதுவும் தெரியாதவள் என்று அவர் போகிற இடமெல்லாம் கேலி பேசிய மனைவி!

"நீயா? உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"வருஷக்கணக்கா காது புளிக்கக் கேக்கறேனே."

"அதுக்காக, பெத்த பொண்ணு படிப்புலயே மண்ணள்ளிப் போடுவாங்களா?"

"தப்புதான்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நாளெல்லாம் யார் யார்கிட்டயோ பேசறீங்க. இந்த வீட்டுல என்கிட்ட பேசறது அவ ஒருத்திதான். அவளும் போயிட்டா?"

அவர் அந்த வரியை அழித்தார். தளம் திறந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தாள். அவர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மனைவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளிடம் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை.