பாலேஸ்வரியின் எண்பது வசனங்கள்

“தலைக்கு எண்ணெய் வைச்சனீங்களோ?”

ஆஸ்பத்திரியில் தன்னிடம் வருகிறவர்களின் பெயரைக் கேட்பதற்கு முன் பாலேஸ்வரி கேட்பது இதைத்தான். ஓமென்றால் அன்றைக்குப் பதிவு இல்லை. முழுகிவிட்டு மறுநாள் வரவேண்டும். இல்லையென்றாலும் நம்பமாட்டார். பெருவிரலால் உச்சியைத் தடவி மூக்கருகே கொண்டுபோவார். “நேற்று வைச்சதும் எண்ணெய்தான்” என்பார்.

தலை சுத்தமென்று திருப்தியானதும் தையற்கார நாடாவை எடுத்து, மூக்கடியிலிருந்து பிடரி வரைக்கும், காதிலிருந்து காது வரைக்கும் அளப்பார். சிவப்புப் பென்சிலால் புள்ளிகள். புள்ளிக்கொரு பசை தடவிய வெள்ளிக் குமிழ். குமிழ்களிலிருந்து போகும் வயர்கள் மேசை அகலமான ஓர் இயந்திரத்தில் முடியும். அதில் எட்டுப் பேனைகள், மூளையின் மின்னோட்டத்தை ஓடுகிற தாளில் அலை அலையாக எழுதும். வலிப்பு நோயாளர்களே அதிகம் வருவார்கள். கரண்டு அடிக்குமோ என்று பயப்படுகிறவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான்: “கரண்டு உங்களிட்டையிருந்துதான் வருகுது. நாங்கள் வாங்கிறம், தாறேல்லை.”

பண்டத்தரிப்பில் வீடு. வயது நாற்பத்து மூன்று. ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்டால், “லீவு கிடைக்கேல்லை” என்பார். யாராவது பேசும்போது இடையில் ‘ம்’ கொட்டுவதோ தலையாட்டுவதோ கிடையாது. வினைச்சொல் வந்து சேரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது கோபம்போலத் தெரியும். “கடைசிச் சொல் வரமுந்தித் தலையாட்டினால் மாட்டுப்படுவம். ‘வருவன்’ எண்டும் முடியலாம், ‘வரமாட்டன்’ எண்டும் முடியலாம்” என்பார்.

எண்பத்தாறாம் ஆண்டு, வெளிநாட்டில் படித்துத் திரும்பிய டொக்டர் கனகலிங்கம் ஒரு சிறிய கம்பியூட்டரைக் கொண்டுவந்து அந்த இயந்திரத்தோடு பொருத்தினார். பொருந்தாத ஒரு சொல் காதில் விழுந்தால், அரைச் செக்கன் ஆகுமுன்னே மூளையின் மின்னோட்டம் ஒரு பக்கம் சரியுமாம். ஒருதரம் கேட்டால் தெரியாது, மற்ற அலைகளுக்குள் மறைந்துவிடும். நாற்பதுதரம் கேட்கவைத்துச் சராசரி எடுத்தால், அந்தச் சரிவு மட்டும் மேலே வரும். சொல்லின் பொருளை மூளை தேடியதற்கு அதுதான் சாட்சி.

இதற்கென்று டொக்டர் எழுதிவந்த வசனங்களைப் பாலேஸ்வரி ஒருமுறை வாசித்தார். ‘உழவன் தன் நிலத்தை உழுதான்’ என்றிருந்தது.

“ஆர் டொக்டர் இப்பிடிக் கதைக்கிறது? றேடியோ போகுதெண்டு மூளை பேசாமல் இருந்திடும்.”

“அப்ப நீங்களே எழுதுங்கோ.”

மூன்று கிழமை மினிபஸ்ஸில் காதைத் தீட்டிக்கொண்டு போய்வந்தார். எண்பது வசனங்கள் சேர்ந்தன. நாற்பது சரியாக முடிந்தன: ‘கிணத்திலை தண்ணி அள்ளினம்.’ ‘மாரிக்கு முந்தி வேலி அடைச்சம்.’ மற்ற நாற்பதும் கடைசிச் சொல்லில் தடம்புரண்டன: ‘விடியப் புட்டு உழுதம்.’ ‘மழைக்குக் குடை குடிச்சம்.’ தன் குரலிலேயே, ஏற்ற இறக்கம் இல்லாமல், கசற்றில் பதிந்தார். முதலில் பரீட்சித்தது ஆஸ்பத்திரித் தொழிலாளி கமலாவதியை. குடை குடித்த இடத்தில் கமலாவதி சிரித்துவிட, தாள் முழுக்கக் கிறுக்கலாயிற்று. “சிரிச்சால் தசைதான் எழுதும், மூளை எழுதாது” என்று அவரை மறுநாளும் வரச்சொன்னார். மறுநாள் சரிவு வந்தது. இன்னும் பத்துப் பேருக்கும் அதே இடத்தில் வந்தது.

பிறகுதான் சாவகச்சேரிப் பக்கமிருந்து அருளம்பலத்தைக் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதுத் தோட்டக்காரர். பாரிசவாதம் வந்து ஐந்து மாதம். வலப்பக்கம் அசையாது, பேச்சு இல்லை. கண்ணை மூடச் சொன்னால் மூடமாட்டார், இடக்கையைத் தூக்கச் சொன்னால் தூக்கமாட்டார். “இவருக்கு ஒண்டும் விளங்கிறேல்லை” என்றார் மனைவி பராசக்தி. அவர் அதைக் கணவனின் தலைமாட்டில் நின்றே சொன்னார். பாலேஸ்வரி அவரை வெளியே கிடந்த மரவாங்கில் இருத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

முதல் நாள் பாதியில் கரண்டு நின்றது. இரண்டாம் நாள் எண்பது வசனங்களும் ஓடி முடிந்தன. அருளம்பலம் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். திரையில் இரண்டு கோடுகள் வந்தன. சரியான வசனங்களுக்கு ஒன்று, பிழையானவற்றுக்கு ஒன்று. சேர்ந்தே வந்த கோடுகள், மற்றவர்களுக்குப் பிரிந்த அதே இடத்தில் பிரிந்தன. டொக்டர் கணக்கைத் திரும்பவும் போடவைத்தார். திரும்பவும் பிரிந்தன.

பராசக்தியை உள்ளே கூப்பிட்டார்கள்.

“முழுக்க விளங்குதெண்டு சொல்லமாட்டன், அம்மா” என்றார் டொக்டர். “ஆனால் சொல்லின்ரை பொருள் உள்ளுக்குப் போய்ச் சேருது. பிழையான சொல்லைப் பிழையெண்டு கண்டுபிடிக்கிறார்.”

பராசக்தி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப அதையும் கேட்டிருப்பாரோ?”

“எதை, அக்கா?” என்றார் பாலேஸ்வரி.

மூத்த மகன் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவன். கடலில் துப்பாக்கிச் சூடு பட்டுச் செத்துப்போனான். இரண்டு மாதம் ஆகிறது. தகப்பனுக்குச் சொல்லவில்லை, சொல்லியும் என்ன என்று விட்டுவிட்டார்கள். வந்தவர்கள் இவருடைய கட்டிலைச் சுற்றியிருந்துதான் அழுதார்கள். கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு ஆரார் போவதென்று பேசியதும் அந்த அறையில்தான்.

பாலேஸ்வரி நாற்காலியை இழுத்துவந்து, அருளம்பலத்தின் முகம் தெரியும் பக்கத்தில் போட்டார்.

“நீங்கள் சொல்லுங்கோ, அக்கா. மற்ற ஆக்கள் தங்களுக்குள்ளை கதைச்சதைத்தான் இவர் கேட்டிருப்பார். இவருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

பராசக்தி நாற்காலியில் இருந்தார். கணவனின் இடக்கையை எடுத்து மடியில் வைத்தார். “இஞ்சருங்கோ,” என்று தொடங்கினார். “எங்கடை பெரியவன்...”

அருளம்பலத்தின் பார்வை கூரையிலிருந்து இறங்கி அவரிடம் வந்தது. வயர்கள் இன்னும் தலையிலேயே இருந்தன. பேனைகள் வேகமாக எழுதத் தொடங்கின.

டொக்டர் தாளை நோக்கிக் குனிந்தார். “ஓடட்டும், பாலேஸ்வரி” என்றார் மெதுவாக.

பாலேஸ்வரி இயந்திரத்தருகே போய்ப் பிடியை மேலே தள்ளினார். எட்டுப் பேனைகளும் ஒன்றாகத் தாளைவிட்டு எழும்பின.