சம்பந்தப்பட்டவர்

எங்கள் வீட்டில் ஒருவருடைய பெயரை மட்டும் சொல்லக் கூடாது. அவர் எங்களுக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. மெல்பர்னில் எங்கள் தெருவில் யாருக்கும் அவரைத் தெரியாது. அவர் அப்போதைய மலேசியப் பிரதமர். அவரைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் அப்பா முதலில் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடுவார். பிறகு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். அதற்கும் பிறகு அம்மா பக்கம் குனிந்து, "சம்பந்தப்பட்டவர் இன்னைக்கு என்ன சொன்னாரு தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு எலுமிச்சை மரமும், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரியின் பூனையும்தான் இருக்கும். "ஆமா, அந்தப் பூனை நேரா கோலாலம்பூர் போயி சொல்லிடும்" என்று அம்மா சிரிப்பார். அப்பா சிரிக்க மாட்டார்.

அப்பா கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் நிருபராக இருந்தவர். அந்தக் காலத்தில் அங்கே பத்திரிகை நடத்த ஆண்டுதோறும் பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். ஆண்டுக் கடைசி நெருங்க நெருங்க அவருடைய பத்திரிகை ஆசிரியர் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துவிடுவாராம். செய்திகளிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாக உதிரும். அமைச்சர் 'முக்கியப் பிரமுகர்' ஆவார். முக்கியப் பிரமுகர் 'ஒரு தரப்பு' ஆவார். டிசம்பரில் யாரோ எங்கோ எதையோ செய்ததாகக் கூறப்படுகிறது என்கிற அளவுக்குச் செய்தி மெலிந்துவிடும். வாசகர்களும் அதைப் படித்து யார், எங்கே, என்ன என்று சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்களாம். இந்தக் கலையில் அப்பா கைதேர்ந்தவர்.

எனக்கு இரண்டு வயதில் நாங்கள் மெல்பர்னுக்கு வந்தோம். அப்பாவுக்கு டண்டினொங் என்ற புறநகரில் ஒரு பார்சல் கிடங்கில் வேலை கிடைத்தது. பத்திரிகை போயிற்றே தவிர அந்தப் பாஷை அவரை விட்டுப் போகவில்லை. "காப்பியில் சீனி குறைவு என்று ஒரு தரப்பு கருதுகிறது" என்பார் காலையில். "அந்தத் தரப்பே எழுந்து போயி போட்டுக்கட்டும்" என்பார் அம்மா. நானும் சும்மா இருக்கவில்லை. பந்து பட்டுப் பூச்சாடி உடைந்த அன்று, "வரவேற்பறையில் ஒரு அசம்பாவிதம் நடந்திருப்பதாகத் தெரிய வருகிறது" என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா என் காதைத் திருகியபோது அப்பாவின் முகத்தில் தெரிந்த பெருமையை இன்னும் மறக்கவில்லை.

அம்மா ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தார். மலேசியா இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள விடாது என்பதால் அதோடு அவருக்கும் அந்த நாட்டுக்கும் கணக்குத் தீர்ந்தது. அப்பா மட்டும் சிவப்புப் பாஸ்போர்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு அங்க ஒரு ஓட்டு இருக்கு லா. அத விட்டுட்டு எப்படி?" என்பார், அந்த ஊர் 'லா' மாறாமல். அந்த ஓட்டு ஈப்போவுக்குப் பக்கத்தில் அவர் பிறந்த ஊரில் இருந்தது. அவர் அதை ஒரு தடவைகூடப் போட்டதில்லை. தேர்தல் நாளில் எப்போதும் வேறு ஏதாவது ஊரில் செய்தி சேகரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது அங்கே பொதுத்தேர்தல் வந்தது. அப்பா அஞ்சல் வாக்குக்கு முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தார். ஆனால் உறை எங்கள் தபால் பெட்டியில் வந்து விழுந்தது ஒரு திங்கட்கிழமை. வாக்களிப்பு புதன்கிழமை. ஓட்டுச் சீட்டு அன்று மாலை ஐந்து மணிக்குள் அவர் ஊர்த் தேர்தல் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

அப்பா உறையைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உலகம் முழுவதும் போகும் பார்சல்களை நாள் பூராவும் பிரித்து அடுக்குகிற மனுஷன். எந்தக் கூரியரும் இதை நேரத்துக்குக் கொண்டுசேர்க்காது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஆளு கையில குடுத்து விடலாம்" என்றார் அம்மா, கைப்பேசியைப் பார்த்தபடி. "நாளைக்கு மத்தியான பிளேன்ல பசங்க நெறைய பேரு ஓட்டுப் போடப் போறாங்களாம். ஏர்போர்ட்ல குடுத்தா கொண்டுபோயி சேர்த்துடறாங்களாம்."

"யாரு கொண்டு போறாங்க?"

"யாரோ மாணவருங்க."

"முன்ன பின்ன தெரியாதவங்க கையில என் ஓட்டயா?" அப்பா எழுந்துபோய்த் திரையை இழுத்து மூடினார்.

அதற்குள் இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. சீட்டோடு ஒரு உறுதிமொழித் தாளும் இருந்தது. அதில் சாட்சிக் கையெழுத்து வேண்டும். சாட்சி மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். அம்மா பேனாவை எடுத்தார், பிறகு வைத்துவிட்டார். "கல்யாணத்துக்கு என் கையெழுத்து செல்லும். இதுக்குச் செல்லாது" என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அன்ரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் வைக்கிறன் தம்பி, எனக்கு ஆருக்கும் பயமில்லை" என்றார். அன்ரி மலேசியாவை விமானத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை என்பதை எடுத்துச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

எங்களுக்குத் தெரிந்த மலேசியர் இன்னும் ஒருவர்தான் இருந்தார். டண்டினொங்கில் லக்சா என்கிற தேங்காய்ப்பால் நூடுல்ஸ் கடை வைத்திருந்த சீனர். பல வருடங்களாகச் சனிக்கிழமை தவறாமல் அங்கே சாப்பிட்டோம். மழை, இறால் விலை, டுரியான் பழம் ஆகிய மூன்றைத் தவிர அப்பா அவரிடம் வேறெதுவும் பேசியதில்லை. காரணம், லக்சா அங்கிள் கடைக்கு நீல வர்ணம் அடித்திருந்தார். அது ஆளுங்கட்சிக் கொடியின் நிறம். "அவன் அந்தத் தரப்பு ஆளு. சந்தேகமே வேணாம்" என்பது அப்பாவின் முடிவு.

இப்போது வேறு வழியில்லை. அம்மா காரை ஓட்ட, நான் பின்னால் உட்கார, அப்பா உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். கடையில் கூட்டமில்லை. அப்பா ஒரு கிண்ணம் லக்சா வாங்கினார். மழையைப் பற்றிப் பேசினார். இறாலைப் பற்றிப் பேசினார். டுரியானும் முடிந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா கூரையைப் பார்த்தார்.

கடைசியில் அப்பா மலாயில் மெல்லச் சொன்னார்: "ஒரு தனிப்பட்ட விஷயம். ஒரு தாளில் ஒரு கையெழுத்து தேவைப்படுவதாக…"

அங்கிள் கரண்டியைக் கீழே வைத்தார். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து அச்சுஅசல் அதே போன்ற ஓர் உறையை எடுத்தார். அதுவும் அன்று காலையில்தான் வந்திருந்தது. சாட்சிக்கு ஆள் கிடைக்காமல் அவரும் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தார்.

"என்னைய ஏன் கேக்கல?" என்றார் அப்பா.

"உன்னையா? இத்தனை வருஷமா வர்ற, நாங்க பேசறத எல்லாம் கேட்டுக்கற, உன் அபிப்பிராயம் ஒண்ணு சொன்னதில்ல. நீ உளவுப் போலீசுன்னுல்ல நான் நெனச்சிட்டு இருக்கேன்!"

"அப்ப கடைக்கு ஏன் நீலப் பெயின்ட்?"

"அதுதான் அன்னைக்குத் தள்ளுபடியில கிடைச்சது லா!"

அம்மா சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. இரண்டு ஆண்களும் எதிரெதிர் மூலைக்குப் போய், கையால் மறைத்துக்கொண்டு, பரீட்சையில் காப்பியடிக்க விடாத பையன்களைப் போல் ஓட்டுப் போட்டார்கள். பிறகு ஒருவர் தாளில் மற்றவர் கையெழுத்துப் போட்டார். அங்கிள் தன் உறையையும் அப்பாவிடம் கொடுத்தார். அவருடைய ஓட்டும் ஈப்போ பக்கம்தான். இவ்வளவு வருடம் இறாலைப் பற்றியே பேசியதில் இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதுகூட வெளியே வந்திருக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கு 'குடும்ப அலுவல்' என்று சொல்லிவிட்டு என்னையும் விமான நிலையத்துக்கு அழைத்துப்போனார்கள். புறப்பாட்டுக் கூடத்தில் மாணவர்கள் அட்டைகளில் மாநிலப் பெயர்களை எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வோர் அட்டைக்கு முன்னாலும் உறைகளோடு ஒரு வரிசை. கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு நிற்கிற வரிசை மாதிரி ஒரே கலகலப்பு. அப்பா மட்டும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒரு ஆளைக் காட்டி, "அவனப் பாரு, பக்கத்தையே திருப்பல" என்றார். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் குறட்டை விடுவது எங்களுக்குக் கேட்டது.

ஈப்போ இருக்கிற பேராக் மாநிலத்தின் அட்டையைப் பிடித்திருந்தது முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண். இளஞ்சிவப்புப் பெட்டி, அதில் தொங்கும் கரடி பொம்மை. அப்பா உறைகளை நீட்டினார். அந்தப் பெண் பிடித்தாள். அப்பா விடவில்லை. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்க பேரு?" என்றார் அப்பா. கேட்ட விதத்தில், அவள் சொல்ல மாட்டாள் என்று அவர் நம்பியது தெரிந்தது.

"ஆயிஷா, அங்கிள்!" கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அடையாள அட்டையை எடுத்து நீட்டி, "போட்டோ எடுத்துக்குங்க. முழுப் பேரும் இருக்கு. அம்மா வீட்டு விலாசமும் இருக்கு. நாளைக்குச் சேரலன்னா அங்க போயி சத்தம் போடுங்க" என்றாள். மலாயும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. அம்மா எனக்கு மெல்ல மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார்.

"உனக்குப் பயமா இல்லயா?"

"இருக்கே. பரீட்சைய விட்டுட்டுப் போறேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

அப்பா அதற்கும் உறைகளை விடவில்லை. பின்னால் வரிசை நீண்டது. எனக்கு மானம் போயிற்று. "அப்பா, விடுங்கப்பா" என்று அவர் மணிக்கட்டை இழுத்தேன். விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அவள் அப்பாவின் எண்ணைத் தன் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். காரில் திரும்பும் வழியெல்லாம் கைப்பேசியில் எடுத்த அவள் அடையாள அட்டைப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கிடங்குக்கு வந்துசேராத பார்சலைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை மாலை எங்களுக்கு ஏழு மணி ஆனால் அங்கே ஐந்து. ஆறரை மணிக்கு அம்மா தட்டில் சோறு போட்டார். யாரும் தொடவில்லை. அப்பா கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைங்க" என்றார் அம்மா. "நல்ல பிள்ளைன்னு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா. நான் கரடி பொம்மையை ஆதாரமாகச் சொன்னேன்.

கைப்பேசி அதிர்ந்தது. படம் ஒன்று. ஓர் அலுவலக மேசை, அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து நீளும் யாரோ ஒருவரின் கை. இந்தப் பக்கம் எங்கள் இரண்டு உறைகளையும் கொடுக்கும் ஆயிஷாவின் கை. ஓட்டுப் போட்டதற்கு அடையாளமாக ஒரு விரலில் மை. கீழே, "சேர்ந்தாச்சு அங்கிள். அம்மா திட்டிக்கிட்டே சாப்பாடு போடறாங்க" என்று எழுதியிருந்தாள்.

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து லக்சா அங்கிளுக்குப் போன் போட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அன்று சோற்றை அவர் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது வீட்டுத் திரைகள் எல்லாம் திறந்து கிடந்தன. அப்பா கொல்லைப்புறத்தில், எலுமிச்சை மரத்தடியில், கைலியோடு நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டிருந்தார் என்பது சரியில்லை. ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தார். வேலிக்கு மேல் அன்ரியின் தலை பதறிக்கொண்டு எழும்பியது.

"என்ன தம்பி, ஆருக்கும் ஏதுமே?"

"ஆட்சி மாறிடுச்சு ஆன்ட்டி! ஆட்சி மாறிடுச்சு!"

"ஓமே! சந்தோசம். எங்கட நாட்டிலயும் அது எத்தினையோ தரம் மாறினது" என்று சொல்லிவிட்டு அன்ரி உள்ளே போனார்.

போனில் இருந்தது அப்பாவின் பழைய பத்திரிகை ஆசிரியர். ஸ்பீக்கரில் அவர் குரல் இருமலோடு வந்தது. "சம்பந்தப்பட்டவர் தோத்துட்டதா நம்பத்தகுந்த வட்டாரங்கள்…"

"சார், பேரச் சொல்லுங்க சார். ஒரு தடவ பேரச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் கிழவர் பெயரைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். உடனே அப்பா அதே பெயரை உரக்கச் சொன்னார். அவர் திரும்பச் சொன்னார், இவர் திரும்பச் சொன்னார். திட்டவில்லை, ஏசவில்லை, வெறும் பெயர். சொல்லச் சொல்லச் சிரித்தார்கள். நடுவில் அப்பா கைலி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை நாள் மூடி மூடி வைத்த பெயர் கேட்டதும் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது மற்ற பெயர்களைப் போல ஒரு பெயராக இருந்தது. எங்கள் வகுப்பில் ஆஸ்திரேலியப் பிரதமரைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்யாத பிள்ளை கிடையாது. ஒரு பெயரைச் சொல்வதற்கு இரண்டு பெரிய ஆட்கள் ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று பள்ளியில், எங்கள் அப்பாவின் ஒரு ஓட்டால் ஒரு அரசாங்கமே கவிழ்ந்துவிட்டது என்று அறிவித்தேன். ஆசிரியை கைதட்டச் சொன்னார்.

அதற்குப் பிறகு அங்கே ஆட்சி இன்னும் சில தடவை மாறிவிட்டது. எதிர்பார்த்ததில் பாதிகூட வரவில்லை என்று அப்பா இப்போதும் புலம்புகிறார். லக்சா கடையில், திறந்த கதவுக்கு முன்னால், ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறார். அங்கிள் மறுத்துப் பேசுகிறார். மழையும் இறாலும் அவர்கள் பேச்சில் வருவதே இல்லை.

இதை எழுதி முடித்ததும் அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய வழக்கம் போலப் பேனாவோடு படித்தார். ஒரு எழுத்தையும் திருத்தவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் சரி பாப்பா. அவர் பேர நீ ஏன் போடல?"