வாசலில் இல்லாத வேப்பிலை

சோற்று அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார் ரத்தினபாய் டீச்சர். அது ஆயாவின் வேலை. ஆயா அம்மைக்குப் பயந்து மகள் ஊருக்குப் போய்விட்டாள். 1963-ஆம் வருஷம், கோடைத் தொடக்கம். பெரியம்மைக்காக ராஜகீழ்ப்பாக்கத்து மிஷன் பள்ளியை மூடி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அண்டாவின் அடியில் பல்லி எச்சம். சாம்பல் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, இதிலிருந்து மதியச் சோறு வாங்கிய பிள்ளைகள் இப்போது எதைச் சாப்பிடுகிறார்கள் என்ற நினைப்புதான் அவருக்கு.

தாம்பரத்தில் தனி அறையில் குடியிருந்து, பல வருஷமாக மூன்றாம் வகுப்பு எடுத்தவர். கல்யாணம் ஆகவில்லை, ஆகாததைப் பற்றிப் பேசுவதும் இல்லை. குரல் மட்டும் பெரிது. பள்ளியை எப்போது திறப்பது என்று அன்று மாலை நடந்த கூட்டத்தில் அந்தக் குரல்தான் ஜெயித்தது.

இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம் என்றார் தலைமையாசிரியர் சத்தியநாதன். "அம்மை குத்துறவங்க எல்லா வீட்டுக்கும் போய் முடிக்கட்டும். அப்புறம் திறக்கலாம்."

"அதுவரைக்கும் பிள்ளைங்க வயிறு பொறுக்குமா சார்?" என்றார் டீச்சர். "அம்மை கண்ட வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டுறாங்க. அம்மை இறங்கி மூணாந் தண்ணி ஊத்தினப்புறம்தான் அவிழ்க்கிறாங்க. இதுல யாரும் பொய் சொல்றதில்ல. வேப்பிலை இருக்கிற வீட்டுப் பிள்ளை வரக்கூடாது, மத்தவங்க வரலாம். அவ்வளவுதான்."

ஊர் சார்பில் வந்திருந்த சுப்பராயலு சிரித்துவிட்டார். "தீ மிதிக்கிற எங்களுக்கே இவ்ளோ நம்பிக்கை இல்ல. சர்ச்சு டீச்சரு வேப்பிலைய நம்புறாங்க, சபாஷ்!"

சிரிப்போடு சிரிப்பாக அதுவே விதியாயிற்று.

பள்ளி திறந்தது. தினமும் காலையில் டீச்சர் பஸ்ஸைவிட்டு இறங்கி, வாசல்களைப் பார்த்துக்கொண்டே நடந்து வருவார். வாரத்துக்கு வாரம் வேப்பிலைகள் குறைந்தன. "கர்த்தர் இரங்கிட்டார் சார்" என்று சத்தியநாதனிடம் சொல்லவும் சொன்னார்.

ஒரு நாள் கணக்குப் பாடத்தின்போது சாமுண்டீஸ்வரி தூங்கி விழுந்தாள். கல்லுடைக்கும் முனியம்மாவின் மகள்.

"ராத்திரி தூங்கலியாடி?"

"தம்பி அழுதுகினே கீறான் டீச்சர். நாளைக்குத்தான் அவனுக்கு மொதத் தண்ணி." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் அன்றே அந்த வீட்டுக்குப் போனார். வாசலில் ஒரு இலை இல்லை. உள்ளே, பாயில் பரப்பிய வேப்பிலைமேல் பையன் படுத்திருந்தான். முகமெல்லாம் முத்து.

முனியம்மா எழுந்து நின்றாள். "தழைய உள்ளாறவே வெச்சிக்கினேன். ஆத்தாவுக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியக்கூடாது. வெளிய கட்டுனா பெரியவளுக்கு சோறு போச்சே. நான் மட்டுமா? தெருவுல பாதிப் பேரு இப்டித்தான்."

"இங்க வேற யாராவது வந்தாங்களா?"

"பக்கத்து வூட்டு செல்வமேரி. கைக்கொழந்தையோட நெருப்பு வாங்க வந்துச்சு. அம்மை வூட்டு நெருப்பக் குடுக்கக்கூடாது. ஆனா இல்லேன்னு சொன்னா தெரிஞ்சிடுமே. குடுத்துட்டேன் டீச்சர்."

மாதம் முடியுமுன் செல்வமேரியின் குழந்தையை அடக்கம் செய்தார்கள். டீச்சர் கூட்டத்தின் பின்வரிசையில் நின்றார். வேப்பிலை தொங்கியிருந்தால் செல்வமேரி வாசலோடு திரும்பியிருப்பாள். அதைத் தன் கையாலேயே அவிழ்த்த மாதிரி இருந்தது அவருக்கு. முன்னே போய்ச் செல்வமேரியின் கையைப் பிடிக்க நினைத்தார், போகவில்லை. அன்று போயிருக்கலாம் என்று வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுபடி கூட்டம் போட்டார்கள். தெருவுக்குச் செய்தி சொல்ல முனியம்மாவையும் சுப்பராயலு அழைத்து வந்திருந்தார். அவள் கதவோரம் நின்றாள்.

"எல்லாரும் பழையபடி வாசல்ல கட்டணும்" என்றார் சத்தியநாதன். "மறைச்சா பிள்ளை பேரை அடிச்சிடுவோம்னு சொல்லிடும்மா."

"கட்டுறோம் சார்." முனியம்மா அவரைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்தாள். "கட்டுன வூட்டுப் பிள்ளைக்கு சோத்த வூட்டாண்ட அனுப்புவீங்களா டீச்சர்?"

சுப்பராயலு இந்தத் தடவை சிரிக்கவில்லை. சத்தியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் டீச்சரின் வாயைப் பார்த்தார்கள்.

பதிலுக்குக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, முனியம்மா முந்தானையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.