தொட்டில் அறைக்கு அடித்த சுண்ணாம்பு

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் குறையப்போவதில்லை. 1957, ஈஸ்டருக்கு முந்தின வியாழன், பட்டப்பகல். இருட்டில் எதையோ கண்டு மிரண்டான் என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் தீவில் நானும் என் மனைவி மரூஸோவின் அண்ணன் ஸ்கேவோஸும் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தோம். ஈஸ்டர் வந்தால் ஊரே வெள்ளையடிக்கும். பளிங்குக் கல்லை எரித்தால் வரும் வெள்ளையே தனி. பழைய பளிங்குச் சிலை கிடைத்தால் அரசாங்கத்திடம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொன்னால் நிலத்துக்கே வேலி போட்டுவிடுவார்கள். அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. உடைத்துக் காளவாயில் அடுக்கிவிடுவோம்.

அந்த வருஷம் ஸ்கேவோஸின் திராட்சைத் தோட்டத்தில் அஃப்ரோதிதி கிடைத்தாள். அந்தக் காலத்துக் காதல் தெய்வம். இடுப்புத் துணி நழுவ, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றாள். மூக்கு நுனிகூடச் சிதையவில்லை, கால் பக்கம் மட்டும் ஏதோ பெயர்ந்த தழும்பு. எனக்குக் கை எழவில்லை.

“என்ன மாப்ள, பொம்பளையப் பாத்ததும் சுத்தியல் கனக்குதா? மரூஸோகிட்ட சொல்லட்டா?”

“பாவமா இருக்கு மச்சான்.”

“கல்லுக்கு என்ன பாவம்? தலையில போடு.”

போட்டேன். தலை உருண்டது. மூன்று நாள் எரித்தோம்.

அவ்வளவு வெண்மையான சுண்ணாம்பை நான் பார்த்ததே இல்லை. விற்க மனசு வராமல் என் பிள்ளையின் அறைக்கே அடித்தேன். பத்து வருஷம் காத்திருந்து பெற்ற பையன். அந்த வியாழக்கிழமை அவனுக்கு இருபத்தாறு நாள்.

மரூஸோ அடுப்படியில் ஈஸ்டர் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“நாப்பது நாள் முடியல. புள்ளையத் தனியா விடக்கூடாது. கூடவே இரு, தூங்கிடாத.”

“நான் என்ன கிழவனா? போ.”

தொட்டில் பக்கத்தில் சாய்ந்தேன். கண் அசந்துவிட்டது.

கரக்... கரக்...

கல் தரையில் கல்லை இழுக்கிற சத்தம். விழித்தேன். மணி இரண்டு பதினைந்து.

வெள்ளையடித்து அஞ்சு நாள் ஆகியிருந்தது. சுவர் நன்றாகக் காய்ந்துவிட்டது. அதில் ஓரிடத்தில் மட்டும் ஈரம். ஆள் உயரத்துக்கு. சாய்ந்த இடுப்பு. தோள்... அதற்கு மேல் ஒன்றுமில்லை.

காளவாயின் அனல் முகத்தில் அடித்தது. எழப் பார்த்தேன். கை கால் அசையவில்லை.

கரக்...

தரையில் ஒரு வெள்ளைப் பாதம். இன்னொன்று. தொட்டிலை நோக்கி...

கத்த வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை.

பையனின் நெற்றியில் வெள்ளையாய் ஒரு கோடு விழுந்தது. பிறகு மூக்கில். பிறகு கன்னத்தில். பார்வையில்லாதவர்கள் முகத்தைத் தடவிப் பார்ப்பார்களே, அப்படி.

பையன் சிரித்தான்.

இரண்டு இருபது.

சிரிப்பு நின்றது.

என் உடம்பு விடுபட்டது. அள்ளி எடுத்தேன். கனத்தான்... குளிர்ந்திருந்தான்.

மரூஸோ சாயக் கையோடு ஓடிவந்தாள். “தூங்கிட்டியா? சொல்லு, தூங்கிட்டியா?”

மூச்சு நின்றுவிட்டது, பச்சைக் குழந்தைகளுக்கு நடப்பதுதான் என்றார் டாக்டர். முகத்து வெள்ளையைக் காட்டினேன். சுவர்த் தூசி என்றார். பாதத் தடங்களைக் காட்டினேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தொட்டில்வரை வந்த தடங்கள்தான் இருந்தன. திரும்பிப் போன தடம் இல்லை.

பதினொரு வருஷம் கழித்து, சாகக் கிடந்த ஸ்கேவோஸ் என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினான்.

“மாப்ள... அவ தனியா கிடைக்கல. அவ காலப் புடிச்சுக்கிட்டு அவ புள்ள நின்னுச்சு, அதே கல்லுல செதுக்கின சின்னப் புள்ள. முதுகுல ரெக்கை. நீ புது அப்பன், பாத்தா உடைக்க விடமாட்டன்னு... நீ வர்றதுக்கு முந்தின நாளே பேத்தெடுத்துட்டேன்.”

“எங்க வச்சு உடைச்ச?”

“அங்கேயேதான். அவ முன்னாடியே.”

இதை நான் மரூஸோவிடம் சொல்லவில்லை. நான் தூங்கியதால்தான் பிள்ளை போயிற்று என்று இன்றைக்கும் ஏசுகிறாள். ஏசட்டும்.